கொதிக்கக் காத்திருக்கும் துளிகள்

பெர்ஃபுளோரோபென்டேன் என்று ஒரு திரவம் உண்டு. தண்ணீரைப் போல நிறமில்லாதது. ஆனால் தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது. அதன் கொதிநிலை வெறும் 29 டிகிரி செல்சியஸ். சித்திரை மாதத்து மதியத்தில் ஒரு கிண்ணத்தில் ஊற்றி மேசைமேல் வைத்தால், அடுப்பே இல்லாமல் கொதித்துக் காற்றோடு போய்விடும்.

இதே திரவத்தை மிக நுண்ணிய துளிகளாக உடைத்து, ஒவ்வொரு துளிக்கும் மெல்லிய கொழுப்பு உறை ஒன்றைப் போர்த்தி, உப்புநீரில் கலந்து ஓர் எலியின் ரத்தநாளத்தில் செலுத்துகிறார்கள். எலியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி. துளிகள் உள்ளே போன கணமே கொதித்திருக்க வேண்டும். கொதிப்பதில்லை. கொதிநிலையைத் தாண்டி 8 டிகிரி சூட்டில் இதயம், நுரையீரல், கல்லீரல் என்று திரவமாகவே சுற்றி வருகின்றன. பிறகு உடலுக்கு வெளியே இருந்து, புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் மீயொலியைக் குவிக்கிறார்கள். மருத்துவமனையில் ‘அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்’ எடுக்கிறார்களே, அதே வகை ஒலிதான், காதுக்குக் கேட்காதது. ஒலி பட்ட இடத்தில் இருக்கும் துளிகள் மட்டும் ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் கொதித்துக் குமிழிகளாகின்றன. ஒலி படாத துளிகள் தம் போக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

புற்றுநோய் மருத்துவத்தின் பழைய துயரம் ஒன்றுக்கு இங்கே விடை தேடுகிறார்கள். புற்றுச் செல்லைக் கொல்லும் மருந்துகள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன. நரம்பு வழியே ஏற்றிய மருந்து கட்டியை மட்டும் தேடிப் போவதில்லை என்பதுதான் சிக்கல். அது மயிர்க்காலுக்கும் போகிறது, குடலின் உட்சுவருக்கும் போகிறது, எலும்பு மஜ்ஜைக்கும் போகிறது. கீமோதெரபி எடுத்துக்கொள்பவர் முடி உதிர்ந்து, வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து படும் பாடெல்லாம் இந்த இடந்தவறுதலின் விளைவுதான். எந்த இடத்தில், எந்த நேரத்தில் வேலை தொடங்க வேண்டும் என்பதை மருத்துவர் வெளியிலிருந்து தீர்மானிக்க முடிந்தால் எவ்வளவோ மாறும். அந்தத் தீர்மானத்தை அவர் கையில் கொடுக்க முயல்வதுதான் இந்தத் துளிகளின் கதை.

கொதிப்புக்கும் ஒரு தொடக்கம் வேண்டும்

கொதிநிலையைத் தாண்டிய திரவம் ஏன் கொதிக்காமல் இருக்கிறது? அடுப்பில் தண்ணீர் வைக்கும்போது பாத்திரத்தின் அடியைக் கவனித்துப் பாருங்கள். குமிழிகள் எல்லா இடத்திலிருந்தும் ஒரே சீராகக் கிளம்புவதில்லை. சில குறிப்பிட்ட புள்ளிகளிலிருந்தே சரம் சரமாக எழும். அந்தப் புள்ளிகளில் கண்ணுக்குத் தெரியாத கீறலோ குழியோ இருக்கும்; அதற்குள் துளிக் காற்று அடைபட்டிருக்கும். ஏற்கெனவே இருக்கும் அந்தக் காற்று வளர்ந்துதான் குமிழியாகிறது.

கீறலும் தூசியும் அடைபட்ட காற்றும் இல்லாத இடத்தில் திரவம் தன் நடுவிலேயே புதிதாக ஒரு வெற்றிடத்தைத் திறந்தாக வேண்டும். ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும் மூலக்கூறுகள் அதை எளிதில் விடுவதில்லை. திறந்த சிறு குமிழியையும் மேற்பரப்பு இழுவிசை உடனே நசுக்கிவிடும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த குமிழிதான் பிழைக்கும். அந்த அளவை எட்டுவதற்குக் கொதிநிலைக்கு மேல் இன்னும் பல பத்து டிகிரி சூடு வேண்டியிருக்கும். சில நூறு நானோமீட்டர் அகலமே உள்ள துளிக்குள் கீறலுக்கோ தூசிக்கோ இடமேது? போதாததற்கு, துளி சிறுக்கச் சிறுக்க அதன் மேற்பரப்பு உள்ளிருக்கும் திரவத்தை இன்னும் இறுக்கி அழுத்துகிறது. எனவே அது சூடேறியும் கொதிக்காத நிலையில் தங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட திரவத்தை இயற்பியலார் மீவெப்பத் திரவம் என்கிறார்கள்.

மீவெப்பத் திரவத்தை முதலில் வேலை வாங்கியவர்கள் துகள் இயற்பியலார். 1952இல் அமெரிக்காவின் டொனால்ட் கிளேசர், மின்னூட்டம் கொண்ட துகள் ஒன்று மீவெப்பத் திரவத்தைக் கிழித்துக்கொண்டு போனால் அதன் பாதை நெடுகக் குமிழிகள் வரிசையாக முளைக்கும் என்று காட்டினார். அதிலிருந்து பிறந்த குமிழி அறைக்காக 1960இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிறகு யேல் பல்கலைக்கழகத்தின் ஒலியியல் அறிஞர் ராபர்ட் ஆப்ஃபெல், 1970களின் இறுதியில் அந்தப் பெரிய அறையை ஆயிரக்கணக்கான சிறு துளிகளாகப் பிரித்துக் கூழ் போன்ற ஒரு பொருளுக்குள் தொங்கவிட்டார். நியூட்ரான் மோதிய துளி ‘பட்’டென்று வெடித்துக் குமிழியாகும், எத்தனை துளி வெடித்தது என்று எண்ணினால் எவ்வளவு நியூட்ரான் கதிர்வீச்சு என்று தெரிந்துவிடும்.

நியூட்ரான் எழுப்பும் துளியை ஒலியும் எழுப்பாதா என்று கேட்டவரும் ஆப்ஃபெல்தான். உடலுக்குள் செலுத்தக்கூடிய மீவெப்பத் துளிகளை நோயறியவும் சிகிச்சைக்கும் பயன்படுத்தும் கருத்துக்கு 1998இல் அவர் காப்புரிமை பெற்றார். கனடாவின் சட்பரி நகருக்கு அருகே 2 கிலோமீட்டர் ஆழத்தில், சுரங்கத்துக்குள் இருக்கும் ஸ்னோலேப் ஆய்வகத்தில் கரும்பொருள் துகள்களைத் தேடும் பிகோ சோதனையும் மீவெப்ப ஆக்டாஃபுளோரோபுரொப்பேனைத்தான் நம்பியிருக்கிறது. இதயத்தை ஸ்கேன் செய்யும்போது ஊசி வழியே ஏற்றும் சில குமிழி மருந்துகளுக்குள் இருக்கும் வாயுவும் அதுவேதான். பிரபஞ்சத்தின் மறைபொருளைத் தேடுபவரும் நோயாளியின் இதயத்தைப் பார்ப்பவரும் ஒரே பொருளைச் சார்ந்திருக்கிறார்கள்.

எதிரொலிக்கும் குமிழிகள்

துளி குமிழியாவதால் மருத்துவருக்கு என்ன பயன் என்று புரிய, ஸ்கேன் இயந்திரம் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். அது ஒலித் துடிப்புகளை உடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு படம் வரைகிறது. திசுவுக்கும் ரத்தத்துக்கும் அடர்த்தியில் பெரிய வேறுபாடு இல்லாததால் எதிரொலி மெல்லியதாக இருக்கும். வாயு அப்படியல்ல. வாயுவைத் தொட்டதும் ஒலி பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. அதோடு, ஒலியின் தாளத்துக்கு ஏற்ப நுண்குமிழி சுருங்கி விரிந்து தானும் ஒலியெழுப்புகிறது. அதனால் ரத்தத்தில் ஒரு குமிழி இருந்தாலும் திரையில் பளிச்சென்று தெரியும்.

1968இல் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் கிராமியாக்கும் பிரவீண் ஷாவும் இதைப் பதிவு செய்தார்கள். இதயத்துக்கு அருகே சாயக் கரைசலைச் செலுத்தியபோது பெருந்தமனியின் வேர்ப் பகுதி மேகம் போலப் படத்தில் நிறைந்தது. கரைசலோடு கலந்து உள்ளே போன நுண்ணிய காற்றுக் குமிழிகளே அதற்குக் காரணம் என்று பிறகு தெளிவானது. அங்கிருந்து வளர்ந்தவைதான் இன்று உலகெங்கும் பயன்படும், புரதமோ கொழுப்போ போர்த்திய நுண்குமிழி மருந்துகள்.

ஆனால் அவற்றுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, ஆயுள். ரத்தத்தில் சில நிமிடங்கள் இருந்துவிட்டு அவை கரைந்துவிடுகின்றன. மற்றொன்று, பருமன். பெரும்பாலும் 1 முதல் 10 மைக்ரோமீட்டர் வரை, அதாவது சிவப்பணுவின் அளவில், அவை இருக்கின்றன. எனவே ரத்தக்குழாய்க்குள்ளேயே அடங்கிவிடும். குழாயைத் தாண்டிக் கட்டியின் திசுவுக்குள் நுழைய அவற்றால் முடியாது.

உள்ளே போகும்போது துளி, போய்ச் சேர்ந்தபின் குமிழி

புற்றுக்கட்டி அவசர அவசரமாக வளர்கிறது. அதற்காக அது முளைக்கவைக்கும் ரத்தக்குழாய்களும் அரைகுறையாகவே அமைகின்றன. சுவரில் செல்லுக்கும் செல்லுக்கும் இடையே சில நூறு நானோமீட்டர் அகலத்துக்கு இடைவெளிகள் இருக்கும். வடிகாலாக இயங்க வேண்டிய நிணநீர்க் குழாய்களும் சரியாக இருக்காது. இப்படிக் கசிந்த பெரிய மூலக்கூறுகள் கட்டிக்குள் தங்கிவிடுவதை 1986இல் ஜப்பானின் யசுஹிரோ மட்சுமுராவும் ஹிரோஷி மேடாவும் விளக்கினார்கள். 200 நானோமீட்டர் துளி அந்த இடைவெளியில் நுழைந்துவிடும். 3 மைக்ரோமீட்டர் குமிழிக்கு அங்கே வழியில்லை.

திரவம் வாயுவாகும்போது கனஅளவு ஏறத்தாழ 125 மடங்கு பெருகும். விட்டம் 5 மடங்காகும். 200 நானோமீட்டர் துளி உள்ளே போய் 1 மைக்ரோமீட்டர் குமிழியாக எழுகிறது. கட்டியின் இடைவெளிக்குள் நுழையுமளவு சிறியதாக இருந்த அதே பொருள், ஸ்கேனில் தெரியுமளவு பெரியதாக அங்கேயே மாறுகிறது.

இந்த எண்ணம் பலிப்பதற்குள் ஒரு பாடமும் கற்க வேண்டியிருந்தது. 1990களில் அமெரிக்க நிறுவனமொன்று ‘எக்கோஜென்’ என்ற பெயரில் இதே பென்டேன் வகைத் துளிகளை மருந்தாகக் கொண்டுவந்தது. ஊசி போடுவதற்கு முன் ஊசிக்குழாயின் தண்டை வேகமாகப் பின்னால் இழுத்து உள்ளே அழுத்தத்தைக் குறைப்பார்கள்; துளிகள் அங்கேயே வாயுவாக மாறத் தொடங்கும். 1998இல் ஐரோப்பாவில் ஒப்புதல் கிடைத்தும் அது நிலைக்கவில்லை. ஊசிக்குழாயிலேயே விழித்துக்கொண்ட துளி உடல் முழுவதும் குமிழியாகப் பரவும். எங்கே விழிக்க வேண்டும் என்று சொல்ல அதில் வழி இல்லை.

அந்த வழியைத் திறந்தவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார். 2000ஆம் ஆண்டு ஆலிவர் கிரிப்ஃப்கன்ஸ், பிரையன் ஃபவுல்க்ஸ், பால் கார்சன் உள்ளிட்டோர், உடலில் நிலையாக இருக்கும் துளிகளை மீயொலியைக் கொண்டு விரும்பிய இடத்தில் ஆவியாக்க முடியும் என்று காட்டி, நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று எடுத்துரைத்தார்கள். ஒலியால் துளி ஆவியாதல் என்று ஒரு துறையே அதன் பின்னால் கிளைத்தது.

வட கரோலினா பல்கலைக்கழகத்தின் பால் ஷீரன், பால் டேட்டன் குழுவினர் 2011இல் இன்னொரு படி முன்னேறினார்கள். புதிதாகத் துளி செய்வதை விட்டுவிட்டுக் குமிழியிலிருந்து தொடங்கினார்கள். கொழுப்பு உறைக்குள் டெகாஃபுளோரோபியூட்டேன் வாயு அடைத்த நுண்குமிழிகள் ஒரு குப்பியில் பால்போல் வெண்மையாக இருக்கும். குப்பியைக் குளிர்வித்து அழுத்தம் கொடுத்ததும், வாயு திரவமாகி, குமிழிகள் ஒவ்வொன்றும் தன் உறையோடு சுருங்கித் துளியாகிவிடும்; குப்பியின் வெண்மையும் மங்கிவிடும். அந்தத் திரவத்தின் கொதிநிலை மைனஸ் 2 டிகிரி. உடலுக்குள் அது கொதிநிலைக்கு 39 டிகிரி மேலே நின்றுகொண்டிருக்கிறது. இருந்தும் திரவமாகவே நிற்கிறது. விளிம்புக்கு இவ்வளவு அருகில் இருப்பதால் சாதாரண ஸ்கேன் இயந்திரத்தின் ஒலியே அதை எழுப்பப் போதுமானதாகிறது.

ஒலி எப்படிக் கொதிக்க வைக்கிறது

ஒலி இங்கே சூட்டால் வேலை செய்வதில்லை, இழுவிசையால் செய்கிறது. ஒலி அலை என்பது மாறி மாறி வரும் அழுத்தமும் இழுப்பும். இழுக்கும் அரைச் சுற்றில் திரவத்தின் மீதுள்ள அழுத்தம் சுழியத்துக்கும் கீழே போகிறது. அப்போது மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டு விலக, உள்ளே ஒரு குமிழிக் கரு பிறக்கிறது. ஏற்கெனவே கொதிநிலையைத் தாண்டிய திரவம் அந்தக் கருவுக்குள் பாய்ந்து ஆவியாகிறது.

இதில் ஒரு புதிர் நெடுநாள் இருந்தது. 1 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் தண்ணீரில் ஒன்றரை மில்லிமீட்டர். துளியோ சில மைக்ரோமீட்டர். தன்னைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நீண்ட அலையைத் துளி ஒரே சீரான அழுத்தமாகத்தான் உணர முடியும். ஆனால் நொடிக்கு லட்சக்கணக்கில் படம் எடுக்கும் கேமராக்கள் வேறொன்றைக் காட்டின. உருண்டையான துளிக்குள், ஒலி வரும் அச்சுக்கோட்டில், ஏதோ ஒரு புள்ளியில் மட்டும் கருமையான பொட்டு தோன்றுகிறது. அடுத்தடுத்த படங்களில் அந்தப் பொட்டு வீங்கித் துளியைத் தின்று முடிக்கிறது. ஏன் அந்தப் புள்ளி?

2014இல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒலெக்சாண்டர் ஷ்பாக், மிஷெல் வெர்ஸ்லூயிஸ், டெட்லெஃப் லோசே ஆகியோரின் குழு விடை சொன்னது. வலுவான ஒலி அலை தண்ணீரில் போகப் போக வடிவம் சிதைந்து செங்குத்தாகிறது. அந்தச் சிதைவில் மூல அதிர்வெண்ணின் பல மடங்கான உயர் அதிர்வெண்களும் பிறக்கின்றன. அவற்றின் அலைநீளம் துளியின் அளவுக்கு நெருக்கமாகச் சுருங்குகிறது. ஒலி தண்ணீரில் நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் ஓடும். பெர்ஃபுளோரோபென்டேனில் சுமார் 400 மீட்டர்தான். வேகம் இப்படிச் சட்டென்று குறைவதால் துளியே ஒரு வில்லையாகி, அந்த உயர் அதிர்வெண்களைத் தனக்குள் ஒரு புள்ளியில் குவிக்கிறது. தன்னை உடைக்கும் அழுத்தத்தைத் துளி தானே பெருக்கிக்கொள்கிறது. மைக்ரோமீட்டர் அளவுத் துளிகளில் இது எடுபடுகிறது. இன்னும் சிறிய துளிகளுக்குக் குவிக்கும் திறன் குறைந்துபோவதால் ஒலியின் வலிமையைக் கூட்ட வேண்டியிருக்கிறது. எந்தத் துளிக்கு எவ்வளவு ஒலி என்று கணக்குப் போட இந்த விளக்கம்தான் அடிப்படை.

கட்டியைக் கண்டறிதல்

குமிழியாக மாறிய துளி திரையில் மின்னுவது முதல் பயன். துளியின் உறையில், குறிப்பிட்ட புற்றுச் செல்லைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகளைப் பொருத்தி அனுப்பினால், மின்னும் இடம் கட்டியின் இடத்தைச் சொல்லும். 56 டிகிரிக்கு மேல் கொதிக்கும் பெர்ஃபுளோரோஹெக்சேன் துளிகளுக்கு இன்னொரு திறமையும் உண்டு. லேசர் துடிப்பால் குமிழியாகி, உடல் வெப்பத்தில் மீண்டும் திரவமாகி, அடுத்த துடிப்புக்கு மறுபடியும் குமிழியாகும். ஸ்டானிஸ்லாவ் எமிலியானோவின் குழுவினர் உருவாக்கிய இந்த ‘சிமிட்டும்’ துளிகளை, சிமிட்டாத திசுவிலிருந்து கணினி எளிதில் பிரித்தெடுக்கிறது.

இரண்டாவது பயன் இன்னும் ஆழமானது. கட்டி இருக்கிறது என்று தெரிந்தால் போதாது. அது என்ன வகை, எந்த மரபணுப் பிறழ்வு, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரிய வேண்டும். இன்று அதற்கு பயாப்சி செய்கிறோம். ஊசியால் திசுவைக் கிள்ளி எடுக்கிறோம். மூளைக்குள்ளோ கணையத்திலோ ஊசி விடுவது எளிதல்ல. ஊசி தொட்ட இடத்தின் தகவல்தான் கிடைக்கும். கட்டியின் மறுபக்கம் வேறு குணத்தோடு இருக்கலாம். ரத்தப் பரிசோதனையிலேயே கட்டியின் டி.என்.ஏ.வைத் தேடும் முறையும் வந்திருக்கிறது. ஆனால் சிறிய கட்டி உதிர்க்கும் டி.என்.ஏ. மிகச் சொற்பம். ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தில் அது கரைந்துபோகிறது.

அப்படியானால் கட்டியை உலுக்கி உதிர்க்க வைத்தால் என்ன? 2009இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் காம்பீரின் குழு, மீயொலி பட்ட குடல் புற்றுச் செல்கள் தம் அடையாளப் புரதத்தைக் கூடுதலாக வெளியிடுவதைக் காட்டியது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒலியை ஓரிடத்தில் குவித்த பிறகு ரத்தத்தில் அடையாளப் பொருள் கூடினால், கட்டி அந்த இடத்தில் இருக்கிறது என்றும் பொருள். ஒரே சோதனை, என்ன நோய் என்ற கேள்விக்கும் எங்கே என்ற கேள்விக்கும் சேர்த்தே பதில் தருகிறது.

இந்த உலுக்கலுக்குத் துளிகள் வலுவூட்டுகின்றன. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ரோஜர் செம்ப்பின் குழுவினர், நானோ துளிகளையும் குவித்த மீயொலியையும் சேர்த்துப் பயன்படுத்தினால் புற்றுச் செல்கள் உதிர்க்கும் நுண்பைகள் ரத்தத்தில் பெருகி, அவற்றுக்குள் இருக்கும் புற்று அடையாளங்களைக் கண்டறிவது எளிதாகிறது என்று 2017இல் வெளியிட்டார்கள். 2025 மே மாதம் நியூ ஆர்லியன்ஸில் நடந்த ஒலியியல் மாநாட்டில், மீயொலியைக் கொண்டு ரத்தத்தில் இத்தகைய அடையாளங்களை 100 மடங்குக்கு மேல் உயர்த்த முடிந்ததாக செம்ப் தெரிவித்தார். செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹாங் சென்னின் குழு நுண்குமிழிகளோடு இதே வழியில் மூளைக் கட்டிகளை அணுகியது. எலிகளில் தொடங்கிய அந்த முயற்சி 2023க்குள் மூளைக் கட்டி நோயாளிகள் சிலரிடம் முதல் சோதனையை எட்டிவிட்டது. மண்டையோட்டைத் திறக்காமலே மூளைக் கட்டியின் மரபணுவைக் கையில் உள்ள ரத்தத்திலிருந்து படிப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, அந்த பயாப்சிக்காகக் காத்திருந்த குடும்பங்கள் அறியும்.

சிகிச்சையின் நான்கு வழிகள்

கட்டிக்குள் ஒரு துளி குமிழியாகும்போது அங்கே என்னவெல்லாம் செய்யலாம்?

முதல் வழி, மருந்தைச் சுமந்து செல்வது. யூட்டா பல்கலைக்கழகத்தில் நத்தாலியா ரப்போபோர்ட் 2007இல், டாக்ஸோரூபிசின் மருந்தைத் துளியின் உறையில் ஏற்றி எலிகளின் மார்பகப் புற்றுக்கட்டியில் சோதித்தார். ஒலி பட்டதும் உறை கிழிந்து மருந்து அங்கேயே வெளியாகிறது. குமிழி ஸ்கேனில் தெரிவதால் மருந்து எங்கே இறங்கியது என்பதும் கண்முன் தெரிகிறது. கீமோதெரபியில் இதுவரை இல்லாத வசதி இது.

இரண்டாவது வழி, மருந்தைத் தனியே கொடுத்துவிட்டு அதற்குக் கதவு திறப்பது. நார்வேயில் உருவான முறை ஒன்றில், எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட நுண்குமிழியும் நுண்துளியும் ஒட்டிக்கொண்ட கொத்துகளை ரத்தத்தில் செலுத்துகிறார்கள். ஸ்கேன் ஒலி பட்டதும் குமிழி அதிர்ந்து துளியை ஆவியாக்குகிறது. விளையும் 20 மைக்ரோமீட்டர் அளவுள்ள பெரிய குமிழி, கட்டியின் தந்துகிகளில் சில நிமிடம் சிக்கி நிற்கிறது. உடனே குறைந்த அதிர்வெண் ஒலியைச் செலுத்தினால் குமிழி தந்துகிச் சுவரைத் தொட்டபடியே சுருங்கி விரிகிறது. சுவர் நெகிழ்ந்து, ரத்தத்தில் ஓடும் கீமோ மருந்து கட்டிக்குள் கசிகிறது. எலிகளின் புராஸ்டேட் கட்டிகளில் மருந்தை மட்டும் கொடுத்தபோது கிடைக்காத முழுக் குணம், இந்த முறையைச் சேர்த்தபோது பல எலிகளில் கிடைத்தது. லண்டனின் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில், கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோய் உள்ளவர்களிடம் ‘ஆக்டிவேட்’ என்ற பெயரில் இது சோதிக்கப்பட்டது. கணையப் புற்றுக்கு இந்த வழி சிறப்பாகப் பொருந்தும். கணையக் கட்டியைச் சுற்றி நார்த்திசு அடர்ந்து இறுகிக் கிடப்பதால் மருந்து உள்ளே நுழைவதே அரிது.

மூன்றாவது வழி, பட்டினி போடுவது. சற்றே பெரிய துளிகளைப் பயன்படுத்தினால், குமிழியான பின் அவை தந்துகிகளை அடைத்து ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். மிச்சிகன் குழுவினர் முயல்களின் சிறுநீரகத்தில் இப்படி ரத்த ஓட்டத்தை வெகுவாகக் குறைத்துக் காட்டினார்கள். கல்லீரல் கட்டியின் தமனிக்குள் நீண்ட குழாய் விட்டு அடைக்கும் சிகிச்சை இன்று நடைமுறையில் இருக்கிறது. குழாயே இல்லாமல் அதைச் செய்வது இந்த வழியின் இலக்கு.

நான்காவது வழி, நேரடியாக நொறுக்குவது. வலுவான ஒலித் துடிப்புகளால் திசுவுக்குள் குமிழிக் கூட்டத்தை எழுப்பிச் செல்களைக் கூழாக்கும் ஹிஸ்டோட்ரிப்சி சிகிச்சைக்கு, 2023 அக்டோபரில் கல்லீரல் கட்டிகளுக்காக அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. அதில் துளிகள் இல்லை. துளியில்லாத திசுவில் குமிழி எழுப்ப 25 மெகாபாஸ்கலுக்கு மேல் இழுவிசை அழுத்தம் வேண்டும். துளிகள் இருந்தால் அதில் பாதிக்கும் குறைவானதே போதும் என்று மிச்சிகனில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்போது துளி புகுந்த கட்டி நொறுங்கும். பக்கத்தில் துளியில்லாத நல்ல திசு அதே ஒலியைத் தாங்கி நிற்கும்.

இன்னும் கடக்க வேண்டியவை

இவ்வளவும் சொன்ன பிறகு தடைகளையும் அதே அளவு அக்கறையோடு பார்க்க வேண்டும்.

முதல் தடை, கட்டிக்குள் போய்ச் சேர்வது. டொரான்டோ பல்கலைக்கழகத்தின் வாரன் சான் குழுவினர் பத்தாண்டு கால ஆய்வுகளைத் திரட்டி 2016இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். விலங்குகளில் செலுத்திய நானோ துகள்களில் கட்டியை அடைவது நடுமதிப்பாக 0.7 சதவீதம்தான். மீதியில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. எலியின் வேகமாக வளரும் கட்டியில் இருக்கும் கசிவு, மனிதரின் மெல்ல வளர்ந்த கட்டியில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கட்டிக்குள் நுழைவதை நம்பாமல், ரத்தக்குழாய்க்குள்ளேயே நின்று கதவைத் திறக்கும் வழி மனிதர்களிடம் முந்திச் சென்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது தடை, துளியின் குணத்திலேயே இருக்கும் இழுபறி. கொதிநிலை தாழ்ந்த துளி மெல்லிய ஒலிக்கே விழிக்கும்; ஆனால் சேமிக்கும்போதோ ரத்தத்திலோ தானாகவே விழித்துக்கொள்ளவும் கூடும். கொதிநிலை உயர்ந்த துளி அமைதியாகக் காத்திருக்கும். ஆனால் எழுப்ப வலுவான ஒலி வேண்டும். நோயறியும் ஸ்கேன்களுக்கு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு வகுத்துள்ள எல்லைப்படி, 1 மெகாஹெர்ட்ஸில் இழுவிசை அழுத்தம் 1.9 மெகாபாஸ்கலைத் தாண்டக் கூடாது. அதற்குள் எழும் துளியாகவும், அதுவரை உறங்கும் துளியாகவும் ஒன்றைச் செய்வதுதான் சவால். இரு வகைத் திரவங்களைக் கலந்து கொதிநிலையை இடைநிலையில் நிறுத்துவது ஒரு விடை. எல்லாத் துளிகளையும் ஒரே அளவில் செய்வது மற்றொரு விடை. கூட்டத்தில் சில துளிகள் மட்டும் பெரிதாக இருந்தாலும், அவை எதிர்பாராத இடத்தில் பெரிய குமிழியாகி நல்ல நாளங்களை அடைத்துவிடக்கூடும்.

மூன்றாவது தடை, உடலின் அமைப்பு. எலும்பு ஒலியை உறிஞ்சிச் சிதறடிக்கிறது. நுரையீரலிலும் குடலிலும் உள்ள காற்று அதைத் திருப்பி அனுப்புகிறது. மூச்சு விடும்போது கல்லீரல் மேலும் கீழும் நகர்கிறது; குவியம் அதனோடு நகர வேண்டும். கட்டியை உலுக்கும்போது அடையாளப் பொருள்களோடு உயிருள்ள புற்றுச் செல்களும் வெளியேறிப் பரவுமா என்ற கேள்வியையும் ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியே சோதித்துத் தெளிவுபடுத்தியாக வேண்டும்.

திரவத்தின் பாதுகாப்பு பற்றி ஓரளவு நிம்மதி கொள்ளலாம். 1966இலேயே லேலண்ட் கிளார்க்கும் ஃபிராங்க் கோலனும், ஆக்சிஜன் நிறைந்த பெர்ஃபுளோரோகார்பன் திரவத்துக்குள் மூழ்கிய எலி அதையே சுவாசித்து உயிரோடு இருந்ததைக் காட்டினார்கள். கார்பன், ஃபுளோரின் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு மிக வலுவானது என்பதால் இந்தப் பொருள்களை உடல் சிதைப்பதில்லை. துளியில் உள்ள வாயு மாற்றமின்றி நுரையீரல் வழியே மூச்சோடு வெளியேறிவிடுகிறது.

செய்தியை எப்படிப் படிப்பது

வருங்காலத்தில் இந்தத் துளிகளைப் பற்றிய செய்திகள் அடிக்கடி வரும். ‘ஊசியும் கத்தியும் இல்லாத புற்றுநோய்ச் சிகிச்சை’ என்று தலைப்பிடுவார்கள். அப்போது நான்கு கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சோதித்தது எலியிலா, மனிதரிலா? துளி செயல்பட வேண்டியது கட்டிக்குள்ளா, ரத்தக்குழாய்க்குள்ளா? எழுப்பிய ஒலி ஸ்கேனுக்கு அனுமதித்த எல்லைக்குள் இருந்ததா? கட்டி சுருங்கியது என்கிறார்களா, நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்கிறார்களா? இந்த நான்குக்கும் பதில் சொல்லும் செய்தியை நம்பிக்கையோடு படிக்கலாம். பதில் சொல்லாத செய்தியைக் காட்டி, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை யாரும் நிறுத்திவிடக் கூடாது.

இந்தத் துறையின் மீது எனக்குள்ள நம்பிக்கைக்குக் காரணம் தலைப்புச் செய்திகள் இல்லை. மருந்தின் வீரியத்தைக் கூட்டக் கூட்ட நோயாளியின் வேதனையும் கூடுகிறது என்பது கீமோதெரபியின் கணக்கு. அந்தக் கணக்கை மாற்ற, மருந்தை மாற்றாமல் அது வேலை செய்யும் இடத்தைச் சுருக்குவது ஒரு நேர்மையான வழி. அதற்குத் தேவையான ஸ்கேன் இயந்திரம் நம் தாலுகா மருத்துவமனை வரைக்கும் ஏற்கெனவே வந்துவிட்ட ஒன்று; கதிர்வீச்சு இல்லாதது; மற்ற ஸ்கேன்களைவிடச் செலவும் குறைவு. துளிகளைச் சரியாகச் செய்யவும், அவை மனிதர்களிடம் பயன் தருகின்றன என்று நிரூபிக்கவும் முடிந்தால், அந்தப் பயன் பெருநகரத்து நோயாளியோடு நின்றுவிட வேண்டியதில்லை.